முப்பரிமாண ஸ்லைட் பெட்டிக்கு வில்லை தெரிவு: கொக்குவிலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2002 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபோது ஊர் பார்க்க வந்தவர்களில் ரொறன்ரோவில் குடியிருக்கும் ஒருவரும் இருந்தார். படம் எடுப்பது அவருக்குத் தொழிலல்ல, பைத்தியம். கையில் ஸ்புட்னிக் கமரா இருந்தது. 1950களின் நடுவில் லெனின்கிராட்டில் செய்யத் தொடங்கிய, பேக்லைட் உடம்புள்ள சோவியத் கமரா அது. 75 மி.மீ. குவியத்தூரமுள்ள இரண்டு வில்லைகள் பக்கம்பக்கமாக இருந்து, ஒரே காட்சியை இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு ஒன்றுமாக எடுக்கும். 120 பிலிம் சுருள் ஒன்றில் ஆறு சோடிப் படம் எடுக்கலாம். ஒவ்வொரு படமும் ஏறக்குறைய 56 மி.மீ. சதுரம். சாதாரண 35 மி.மீ. ஸ்லைட்டோடு ஒப்பிட்டால் பரப்பு மூன்றரை மடங்குக்கும் மேல்.

திருத்தி வெள்ளையடித்த பொது நூலகம், கோட்டையின் உடைந்த மதில், நல்லூர் வீதியில் சனம், சொந்த வீட்டு முற்றத்தில் வரிசையாக நின்ற உறவினர் என்று எடுத்துத் தள்ளியிருந்தார். எல்லாவற்றையும் 80க்கு 132 மி.மீ. அட்டைச் சட்டங்களில் சோடியாகப் பொருத்திக் கனடாவிலேயே வைத்திருந்தார். இருபது வருடம் கழித்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது அந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். கொக்குவிலில் இருக்கும் அக்காவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முற்றத்துப் படத்தில் நின்ற பலர் இப்போது இல்லை. அக்கா அதைப் பார்க்க வேண்டும், அதுவும் இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு பார்க்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

இந்த அளவு ஸ்லைட்டுக்குக் கடையில் வாங்கும் பார்வைப்பெட்டி அரிது. வெளிநாட்டில் சிறு அளவில் செய்பவர்களிடம் சொல்லிவைத்தாலும் அவர் திரும்பிப் போவதற்குள் வந்து சேராது. ஆகவே வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று. பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர் பொறுப்பெடுத்தார். நகரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒருவரும் ஒரு தச்சரும் சேர்ந்தார்கள். கூடவே நின்று அளவுகளைக் குறித்துக்கொண்டது என் வேலை.

வில்லையில் என்ன தேவைப்பட்டது

பார்வைப்பெட்டி பெரிய இயந்திரம் இல்லை. பின்னால் வெளிச்சம், நடுவில் ஸ்லைட், முன்னால் இரண்டு வில்லை. மரத்தையும் வெளிச்சத்தையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வில்லை பிழைத்தால் பெட்டியே பிழை.

முதல் நிபந்தனை குவியத்தூரம். எடுத்த வில்லையின் குவியத்தூரமும் பார்க்கும் வில்லையின் குவியத்தூரமும் ஒன்றாக இருந்தால்தான், கமரா நின்ற இடத்தில் நாம் நின்று பார்த்த அதே கோணத்தில் காட்சி விரியும். பார்க்கும் வில்லை குறுகினால் காட்சி பெருத்து ஆழம் தட்டையாகும். நீண்டால் காட்சி சிறுத்து ஆழம் இழுபடும். ஆகவே இலக்கு 75 முதல் 80 மி.மீ. வரை. கண்ணாடிக் கடைப் பாஷையில் பவர் 13 (டயொப்டர், அதாவது 1000ஐ மி.மீ. குவியத்தூரத்தால் வகுத்தது) அளவில். 77 மி.மீ. என்று எடுத்தால் 56 மி.மீ. படம் 40 பாகை அகலத்தில் தெரியும். பெருக்கம் மூன்று மடங்கு சொச்சம். ஸ்புட்னிக்கின் எளிய மூவில்லை அமைப்பு மூலைகளில் கொஞ்சம் மென்மைதான், அதற்கு மேல் பெருக்கினால் அந்தக் குறைதான் பெருக்கும்.

இரண்டாவது, பார்க்கப்போகிறவர்கள். எல்லோரும் எழுபதைக் கடந்தவர்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், கண்புரைச் சத்திரசிகிச்சை செய்து செயற்கை வில்லை வைத்தவர்கள். இதைத் தொடக்கத்திலேயே தாளில் எழுதி வைத்திருந்தும், அதன் முழுக் கனம் கடைசியில்தான் விளங்கியது.

கைப்பேசி வில்லைகள்

வீட்டுப் பிள்ளைகளிடம் கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் வீ.ஆர். பெட்டி ஒன்று கிடந்தது. வில்லைகள் 45 மி.மீ. குவியத்தூரமுள்ள அக்ரிலிக். அதையே கழற்றிப் போடலாமே என்பது முதல் யோசனை. போட்டுப் பார்த்ததில் படம் 60 பாகைக்கு மேல் விரிந்தது, பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் முற்றத்தில் நின்றவர்கள் அட்டையில் வெட்டி நிறுத்தியவர்கள்போலத் தெரிந்தார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி இருந்தது, ஆளுக்குத் திரட்சி இல்லை. பிலிமின் மணித்தன்மையும் கண்ணில் குத்தியது. அன்றைக்கே விட்டுவிட்டோம்.

கண்ணாடிக் கடை மேசையில்

அடுத்த படி, காசு செலவழிக்காமல் குவியத்தூரத்தைச் சோதிப்பது. கண் பரிசோதிக்கும் வில்லைப் பெட்டி கடையில் இருந்தது. சோதனைச் சட்டகத்தில் பவர் 12 வில்லையும் பவர் 1 வில்லையும் ஒன்றன்முன் ஒன்றாகப் போட்டால் 13, அதாவது 77 மி.மீ. மேசை விளக்கின் முன் பால் நிற அக்ரிலிக் தகட்டைப் பிடித்து, அதில் ஸ்லைட்டைச் சாய்த்துப் பார்த்தபோது நூலகப் படத்தின் ஆழம் சரியாக வந்து உட்கார்ந்தது. பவர் 10இல், அதாவது 100 மி.மீ.யில், முன்படிகளிலிருந்து கட்டடம் தேவைக்கு மேல் தள்ளிப்போயிற்று. 13தான் என்பதில் பிறகு விவாதம் எழவில்லை.

கடைக்காரர் ஒரு நல்ல யோசனை சொன்னார். கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறை பரவுவதற்கு முன், கண்புரை எடுத்தவர்கள் 10, 12 என்று பவர் கொண்ட தடித்த கண்ணாடி போட்டார்கள். அந்த வகைப் பிளாஸ்ரிக் வில்லையைக் கொழும்பிலிருந்து இப்போதும் எடுப்பிக்கலாம். அதன் உட்குழிந்த பக்கம் கண்ணைப் பார்த்திருக்கும். கண் பக்கவாட்டில் திரும்பும்போது ஓரம் கலங்காமல் இருப்பதற்காகவே அப்படி வளைத்திருக்கிறார்கள். பழைய ஸ்லைட் புரொஜெக்டரிலிருந்து கழற்றிய ஒருபக்கத் தட்டை வில்லைகளை ஆசிரியர் வைத்திருந்தார். அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதும் இதே சங்கதி: தட்டைப் பக்கம் கண்ணை நோக்கியிருக்கையில் ஓரம் தெளிவு, மேட்டுப் பக்கம் கண்ணை நோக்கினால் நடுமட்டும் தெளிவு.

சிக்கல் நிறத்தில் வந்தது. ஒற்றை வில்லையில் நீலமும் சிவப்பும் ஒரே அளவு வளைவதில்லை. நடுவில் அது தெரியாது. நூலகத்தின் வெள்ளைச் சுவர் நீல வானத்தைத் தொடும் இடத்தில், படத்தின் ஓரத்தில், ஒரு பக்கம் செம்மஞ்சள் விளிம்பும் மறுபக்கம் ஊதா விளிம்பும் தெளிவாகத் தெரிந்தன. கடைக்காரர் அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். படத்தின் ஓரத்தைப் பார்க்கும்போது பார்வை வில்லையின் நடுவிலிருந்து ஏறக்குறைய 1.2 செ.மீ. தள்ளிப் போகிறது. அதை 13ஆல் பெருக்கினால் 15.6 பிரிசம் டயொப்டர், அந்த இடத்தில் ஒளி வளையும் அளவு அது. சாதாரண மூக்குக்கண்ணாடிப் பிளாஸ்ரிக்கின் ஆபே எண் 58 (இந்த எண் குறையக் குறைய நிறம் கூடப் பிரியும்). வகுத்தால் 0.27. 0.1ஐத் தாண்டினாலே கண் கவனிக்கத் தொடங்கிவிடும். பொலிகார்பனேற் என்றால் ஆபே எண் 30தான், விளிம்பு இரட்டிப்பாகும்.

மலிவு, அகலம், பாரமின்மை எல்லாம் இருந்தும் ஒற்றை வில்லையை ஒதுக்கினோம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் நான் அதையே எடுத்திருப்பேன். வேறு வழி அமையாவிட்டால் பயன்படுத்தலாம் என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்தோம்.

ஸ்ரூடியோ அலுமாரி

மூடிக்கிடந்த ஒரு ஸ்ரூடியோவின் அலுமாரியில் இரட்டை வில்லைக் கமராக்கள் இரண்டு கிடைத்தன, ஒன்று யஷிகா மாட், மற்றது சீகல். இவற்றில் ஒரு வில்லை படம் எடுக்க, மற்றது காட்சியைப் பார்க்க. இரண்டிலும் அந்தப் பார்க்கும் வில்லை நிறம் திருத்தியது. ஆனால் ஒன்று 80 மி.மீ., மற்றது 75. வலக்கண் படமும் இடக்கண் படமும் அளவில் 6.7 சதவீதம் வேறுபடும். ஒன்றிரண்டு சதவீதம் வரை மூளை சமாளிக்கும், ஐந்தைத் தாண்டினால் இரண்டும் ஒன்றாகச் சேராது. ஒரே வகையில் இரண்டு கிடைத்திருந்தாலும் விட்டம் போதாது: மூக்குக்கண்ணாடியோடு கண்ணை வைத்தால் படத்தின் நான்கு மூலையும் வெட்டுப்படும்.

இரண்டு பைனோகுலர்

தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வெளிநாட்டு உறவினர் ஒருவர் முன்பொருகால் ஒரே வகைப் பைனோகுலர் இரண்டை இரண்டு வீட்டுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். ஒன்று விழுந்து அச்சு விலகி, பார்த்தால் இரட்டையாகத் தெரிந்தது. மற்றதின் பிரிசத்தில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இரண்டும் பாவனைக்கு உதவாதவை. ஆனால் முன்வில்லைகள் நான்கும் நல்லவை. 35 மி.மீ. விட்டம், கிரவுண் கண்ணாடியும் பிளின்ற் கண்ணாடியும் ஒட்டிய நிறந்திருத்திய வில்லைகள்.

உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் வரும் இடப்பெயர்ச்சி முறையால் ஆசிரியர் அவற்றை அளந்தார். ஒரு ரோச்சின் முன் கீறிய கோடு, 800 மி.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாள், நடுவில் வில்லை. தாளில் கோடு தெளியும் இடங்கள் இரண்டு இருக்கும். அவற்றுக்கிடையே 392 மி.மீ. வந்தால், 800இன் வர்க்கத்திலிருந்து 392இன் வர்க்கத்தைக் கழித்து 3200ஆல் வகுக்க, 152. நான்கு வில்லையும் முறையே 151, 152, 152, 153 என்று வந்தன.

ஒன்று தனியே 152 என்றால் நமக்கு இரண்டு மடங்கு நீளம். இரண்டைச் சேர்த்தால் பவர் கூடிக் குவியத்தூரம் பாதியாகும். வியன்னாவின் பிளோசல் 1860இல் தொலைநோக்கிக் கண்வில்லைக்கு வடிவமைத்த அமைப்பும் இதுதான்: நிறந்திருத்திய இரண்டு வில்லைகள், மேடான முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. நடுவே மெல்லிய வளையம் வைத்து அடுக்கியதும் 77க்கும் 78க்கும் இடையில் வந்து நின்றது. சோடி சேர்ப்பதில் ஆசிரியர் ஒரு நுணுக்கம் பார்த்தார். 151ஐயும் 153ஐயும் ஒரு குழாயில், 152 இரண்டையும் மற்றக் குழாயில் போட்டார். மாற்றிப் போட்டிருந்தாலும் வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குக் குறைவுதான். ஆனால் இப்படிச் செய்வதற்குச் செலவு ஒன்றும் இல்லையே என்றார்.

நூலகச் சுவரின் ஊதா விளிம்பு மறைந்தது. 35 மி.மீ. விட்டத்தில் வளையம் மறைப்பது போக 33 மிஞ்சியது. மூக்குக்கண்ணாடியோடு கண் 25 முதல் 30 மி.மீ. தள்ளி நின்றாலும் முழுச் சதுரமும் தெரிய அது போதும். 50 மி.மீ. விட்டமுள்ள பெரிய வில்லை இன்னும் சொகுசாக இருக்குமே என்று ஸ்லைட்டுகளின் உரிமையாளர் கேட்டார். அந்தக் குழாய்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் மூக்குக்கு இடமில்லை.

இடைத்தூரம்: ஒரு சச்சரவு

இரண்டு வில்லைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதில்தான் கடைக்காரரும் ஆசிரியரும் முட்டிக்கொண்டார்கள். கடைக்காரர் அக்காவின் கண்மணிகளுக்கு இடைத்தூரத்தை அடிமட்டத்தால் அளந்தார்: 58 மி.மீ. அவருடைய தொழில் நியாயப்படி வில்லை மையம் கண்மணி மையத்தில் இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்கு அது முற்றிலும் சரி.

ஆசிரியர் ஸ்லைட்டை அளக்கச் சொன்னார். தூரத்துத் தென்னை ஒன்றின் நுனி இடப்படத்திலும் வலப்படத்திலும் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், சட்டத்துக்குச் சட்டம் 63 முதல் 65 மி.மீ. வரை வந்தது. கையால் பொருத்தியவை, அவ்வளவு வித்தியாசம் இருக்கும். ஸ்லைட் குவியத்தில் இருக்கும்போது வில்லையிலிருந்து வரும் ஒளி சமாந்தரக் கற்றையாக வரும். அதன் திசையை வில்லை மையமும் பிலிமில் உள்ள புள்ளியும் தீர்மானிக்கும், கண் எங்கே நிற்கிறது என்பது தீர்மானிக்காது. வில்லைகளை 58இல் வைத்து 65 இடைவெளியுள்ள தென்னையைப் பார்த்தால் இரு கண்ணும் 5 பாகைக்கு மேல் வெளிப்பக்கம் விரிய வேண்டும். மனிதக் கண் ஒரு பாகை விரிவதே சிரமம்.

முடிவு 65. அதாவது சட்டங்களில் ஆகக்கூடிய இடைவெளி எதுவோ அது. 63 உள்ள சட்டங்களில் கண் சற்றே உள்நோக்கும், அது இயல்பானது. 58 மி.மீ. உள்ள அக்கா ஒவ்வொரு வில்லையிலும் மையத்திலிருந்து மூன்றரை மி.மீ. உட்பக்கமாகப் பார்ப்பார், 33 மி.மீ. திறப்பில் அது தாங்கும். கடைக்காரர் அரைமனதோடு ஒத்துக்கொண்டார். பிறகு சோதனைச் சட்டகத்திலேயே 58, 65 இரண்டையும் வைத்துத் தானே பார்த்துவிட்டுச் சிரித்தார்.

உயரத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. ஒரு வில்லை மற்றதைவிட 1 மி.மீ. உயர்ந்தால் முக்கால் பாகை மேல்கீழ் வித்தியாசம் வரும், பக்கவாட்டைவிட இதைக் கண் பொறுப்பது மிகக் குறைவு. இரு துளைகளையும் ஒரே பலகையில், ஒரே கோட்டில் துளைக்கும்படி தச்சரிடம் சொல்லப்பட்டது.

கட்டியது

12 மி.மீ. பிளைவூட், உள்ளே மங்கல் கறுப்புப் பூச்சு. வில்லைக் குழாய் 40 மி.மீ. பீ.வீ.சி. ஸ்லைட்டுக்குப் பின்னால் சில சென்ரிமீற்றர் விட்டுப் பால் நிற அக்ரிலிக், அதன் பின்னால் பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. தகடு. அக்ரிலிக்கை ஸ்லைட்டோடு ஒட்ட வைத்தால் அதன் கீறலும் தூசியும் வானத்தில் தெரியும். குழாய்கள் இரண்டும் ஒரே பலகையில் பொருந்தி முன்பின் நகரும். 77 மி.மீ. குவியத்தில் ஒரு டயொப்டருக்கு 6 மி.மீ. நகர்வு வேண்டும் என்பதால், மூன்று டயொப்டர் கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க 18 மி.மீ. உள்ளே தள்ள இடம் விட்டார்கள்.

பார்த்தவர்கள் சொன்னது

நாங்கள் பார்த்தபோது மூலைக்கு மூலை தெளிவாக இருந்தது. பெட்டியை மேசையில் வைத்து அக்காவை இருத்தினோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “மாஸ்ரர், நடுவில நிக்கிற ஆக்கள் வடிவாத் தெரியினம். கரையில நிக்கிறவை கலங்கினமாதிரிக் கிடக்கு” என்றார். குழாயை நகர்த்திக் கொடுத்தால், “இப்ப கரை தெரியுது, அம்மா கலங்கிறா” என்றார். அம்மா நடுவில் இருந்தார்.

இரு கண்ணிலும் செயற்கை வில்லை வைத்தவர் அவர். இப்படியான எளிய வில்லைகளின் குவியத் தளம் தட்டையல்ல, வில்லையை நோக்கி வளைந்த கிண்ணம். 77 மி.மீ. வில்லைக்கு அந்த வளைவின் ஆரை ஏறக்குறைய 115 மி.மீ. படத்தின் பக்க ஓரத்தில், நடுவிலிருந்து 28 மி.மீ. தள்ளி, தட்டையான பிலிமுக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் 3.4 மி.மீ. இடைவெளி விழுகிறது. அரை டயொப்டருக்குச் சற்று மேல். இயற்கை வில்லையில் கொஞ்சமாவது நெகிழ்வு மிஞ்சியிருக்கும் கண் அந்த இடைவெளியை யோசியாமலே சரிக்கட்டிவிடும். சரிக்கட்டியது நமக்குத் தெரியவும் மாட்டாது. செயற்கை வில்லை வைத்த கண்ணால் குவியத்தை இம்மியும் மாற்ற முடியாது. எங்கள் சோதனை எல்லாமே நெகிழும் கண்களால் நடந்தது.

வில்லையை மாற்ற நேரமில்லை. ஆசிரியர் இரண்டு காரியம் செய்தார். குவியத்தை நடுவிலும் வைக்காமல் ஓரத்திலும் வைக்காமல், நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் வழியில் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் வைத்தார். இரு பக்கமும் பிழை கால் டயொப்டர் அளவுக்கு இறங்கியது. அடுத்து எல்.ஈ.டி. தகட்டின் வெளிச்சத்தைக் கூட்டினார். வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், சுருங்கினால் தெளிவின் ஆழம் கூடும். முதியவர்களின் கண்மணி ஏற்கெனவே சிறிது என்பதும் கைகொடுத்தது. வளைந்து நின்ற பிலிம்களைச் சட்டத்துக்குள் அழுத்திச் சமன்படுத்தினோம். வெயிலில் அட்டைச் சட்டத்துக்குள் பிலிம் முதுகு வளைப்பது வழக்கம்.

மறுபடி பார்த்த அக்கா ஓரத்தில் நின்றவர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். மைத்துனருக்கு ஒரு கண்ணில்தான் சத்திரசிகிச்சை, இரு கண்ணுக்கும் பவர் வேறு. குழாய்கள் ஒன்றாக நகர்வதால் அவருக்குத் தன் மூக்குக்கண்ணாடியோடு பார்ப்பதே வழியாயிற்று, அது ஒத்துவந்தது. அயலில் இருந்து வந்த ஒருவருக்குச் சிறுவயதிலிருந்தே ஒரு கண் சோம்பல். எந்தச் சரிப்படுத்தலுக்கும் அவருக்கு ஆழம் வரவில்லை, வராது. அதைப் பெட்டியின் குறையாக எண்ணி யாரும் மல்லுக்கட்டக் கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

இனிச் செய்தால்

குழாய்களைத் தனித்தனியே நகரும்படி செய்வோம். சோதனைச் சட்டகத்தைக் கடையிலேயே வைத்துப் பார்க்காமல் முதல் நாளே அக்காவின் வீட்டுக்குக் கொண்டுபோவோம். பவர் 13 என்பதோடு ஓரத்துச் சங்கதியும் அங்கேயே தெரிந்திருக்கும். 65 என்ற இடைத்தூரத்தையும் ஒற்றை வில்லையை ஒதுக்கியதையும் மாற்ற மாட்டோம்.

பைனோகுலர் வில்லைகளின் பூச்சு பழையது, வெள்ளைச் சுவருள்ள படங்களில் மெல்லிய மங்கல் இருக்கிறது. 80 மி.மீ. குவியத்தூரமுள்ள நிறந்திருத்திய புது வில்லை இரண்டை அனுப்புவதாக உரிமையாளர் சொல்லிப் போயிருக்கிறார். விட்டம் 36 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, போனால் இந்தக் குழாய்க்குள் இறங்காது என்று ஆசிரியர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்.